நான்காம் தடத்து முகம்

பொதுமக்களுக்கும், நண்பர்களுக்கும், குறிப்பாக விரோதிகளுக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு: புதன்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, கைத்துப்பாக்கிச் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர், சங்கக் கட்டடத்தின் நிலவறையில், ஐந்து குண்டுகள் துளைத்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார். கண்டெடுத்தவரும் அவரே.

முதலில் அலறியது கூட்டுகிற அக்காதான். ஆனால் கண்டெடுத்தவர் என்ற பெருமையைத் தலைவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. துளைபட்டது அவருடைய சுவரொட்டி. தலைவரைப் பொறுத்தவரை உடலுக்கும் படத்துக்கும் பெரிய வேற்றுமை கிடையாது. படத்தில் முடி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அதே ஏழு இருபதுக்கு, ஊரின் மறுகோடியில் போலீஸ் சுடுதளத்தில், இன்ஸ்பெக்டர் அம்மாள் இடது கையில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, அது தன்னுடைய கைதானா என்ற சந்தேகத்தில் நின்றிருந்தார். இருபது வருட உத்தியோகத்தில் அந்தக் கை கைக்கடிகாரம் கட்டிக்கொள்வதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. இப்போது மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை: பணியில் வலது கை காயப்பட்டாலும் சட்டம் ஒழுங்கு காயப்படக் கூடாது, ஆகவே ஆயுதம் தாங்கும் அத்தனை பேரும் வெள்ளிக்கிழமை இடது கையால் பத்து குண்டு சுட்டு, ஏழையாவது உள்ளே போட வேண்டும்.

"வலது கையை நெஞ்சோட மடிச்சு வெச்சுக்குங்க மேடம்" என்றார் பயிற்சி மாஸ்டர். "சும்மா தொங்க விட்டா உதவிக்கு வரும். உதவி பண்ண வர்றவனாலதான் எல்லாமே கெடும்."

"வட்டம் எங்க மாஸ்டர்? வெறும் வெள்ளைத் தாளா இருக்கு?"

"வட்டம் போட்ட தாள் ஸ்டோர்ல தீந்து நாலு மாசம் ஆச்சு. தோட்டா ஆளுக்கு அம்பது கொடுத்துட்டாங்க, தாளை மறந்துட்டாங்க. பரவாயில்ல, பழகாத கைக்கு வெள்ளைத் தாள்தான் நல்லது. வட்டம் இருந்தா கண்ணு அங்க ஓடும். வெறும் தாள்னா துப்பாக்கியோட முன்குறியைப் பாப்பீங்க. சுடுங்க."

ஐந்து முறை சுட்டார். மாஸ்டர் தாளை இழுத்து வந்து காட்டினார்.

"கீழ, வலது மூலையில, அஞ்சும் குடும்பத்தோட உக்காந்திருக்கு. விசையை மெதுவா அழுத்தாம வெட்டி இழுக்கறீங்க. இடது கை வெட்டினா குண்டு கீழ வலது பக்கம் போகும். வலது கை வெட்டினா கீழ இடது பக்கம். துப்பாக்கி பொறந்த நாள்லேர்ந்து இதான் விதி."

"இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு மாஸ்டர்."

"வீட்டுலயும் பழகுங்க. பூட்டுத் திறக்கறது, டீ குடிக்கறது, பட்டன் போடறது எல்லாத்தையும் இடதுக்குத் தள்ளுங்க."

"நேத்து பல்லு தேய்ச்சேன். காதுல நுரை. எங்க வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட போலாமான்னு கேக்கறார்."

கைப்பேசி அடித்தது. மேலதிகாரி. கைத்துப்பாக்கிச் சங்கம், கொலை மிரட்டல், பெரிய மனுஷன், உடனே. இன்ஸ்பெக்டர் தன் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அவமானத்தை யாரும் பொது இடத்தில் விட்டுவிட்டுப் போவதில்லை.

காலை 8.05.

சங்கத்தின் வாசலில் காவலுக்கு ஓர் ஏட்டு. மெலிந்த மனிதர், வலது இடுப்பில் தோல் உறையில் துப்பாக்கி, இடது கையில் தேநீர் டம்ளர், சட்டையின் முன்பக்கம் புதிதாக ஒரு தேநீர்க் கறை. டம்ளரை வைத்துவிட்டு விறைத்து ஒரு சல்யூட் வைத்தார். நிலவறைக் கதவின் பூட்டை இடது கையால் திறந்தார். சாவி துவாரத்தைச் சுற்றி மூன்று முறை உரசிவிட்டுத்தான் உள்ளே போயிற்று.

"எத்தனை நாளா இங்க ட்யூட்டி?"

"நாலு மாசம் மேடம். காலைல ஆறுலேர்ந்து ரெண்டு வரைக்கும்."

"ஏதாவது சத்தம் கேட்டீங்களா?"

"கீழ சுட்டா மேல கொசு கத்தற அளவுகூடக் கேக்காது மேடம்." அவர் கண்கள் தரையில் இருந்தன.

படியில் இறங்க இறங்கக் குளிர்ந்தது. வழியில் ஒவ்வொரு தூணிலும் தலைவர். அவர் பதவியேற்ற பத்தாம் ஆண்டைக் கொண்டாட முந்நூறு சுவரொட்டி அச்சடித்திருந்தார்கள். ஒட்ட இடம் கிடைத்தது நாற்பதுக்கு. மிச்சம் படிக்கட்டின் கீழே கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. இடுப்பளவு படம், கட்டிய கை, எல்லாம் தெரிந்த புன்னகை. கட்டுகளின் ஓரங்களில் நூறு பாதிப் புன்னகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டிப் பார்த்தன.

உள்ளே, சுவர் முழுக்கச் சத்தத்தைக் குடிக்கும் பஞ்சுப் பலகைகள். பேசினால் குரல் வாயைவிட்டு ஒரு முழம் போய்ச் செத்து விழுந்தது. ஆறு தடங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கம்பி. கம்பியில் ஓடும் கிளிப். கிளிப்பில் தாளை மாட்டிப் பொத்தானை அமுக்கினால் இருபத்தைந்து மீட்டர் தள்ளி நகர்ந்து போகும். திரும்பி வர முழுசாக ஒரு நிமிடம். நான்காம் தடத்தின் கோடியில் தலைவர் தொங்கிக்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி ஐந்து துளைகள். ஒற்றைக் கிளிப்பில் மாட்டியிருந்ததால் லேசாக ஆடினார். வாசலில் யார் வந்தாலும் அவரைப் பார்ப்பதுபோல ஆடினார்.

"அது மூணாவது" என்றது பின்னாலிருந்து ஒரு கனத்த குரல். அசல் தலைவர். "போன வியாழக்கிழமை முதல்ல. அப்புறம் திங்கள். இன்னிக்கு மூணாவது. நான் சொன்னேன் இல்லையா, என் உயிருக்கு விலை இருக்குன்னு?"

மூன்று சுவரொட்டிகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து துளை. பார்க்கிறவருக்கு இடப்பக்கம், கீழ் ஓரத்தில், கட்டிய கையின் முழங்கையருகே முதல் நாள் துளைகள். இரண்டாம் நாள் அவை மேலேறி நெஞ்சுக்கு நகர்ந்திருந்தன. மூன்றாம் நாள் கழுத்து.

யாரோ பொறுமையாக, அவசரமே இல்லாமல், வெளியிலிருந்து உள்ளே நடந்து வருகிறார்கள். தலைவர் தன்னையறியாமல் டையின் முடிச்சைத் தளர்த்திக்கொண்டார்.

"நாலாவது நாள்" என்று ஆரம்பித்து அவர் முடிக்கவில்லை.

"மூணு நாளும் நீங்கதான் முதல்ல வந்தீங்களா?"

"வழக்கமா எட்டு மணிக்குத்தான் வருவேன். அந்த மூணு நாளும் விழாப் பேச்சு ஒத்திகைக்காக ஏழுக்கே வந்தேன். கவனிச்சீங்களா? நான் சீக்கிரம் வர்ற நாள்ல மட்டும் நடக்குது! என் நடமாட்டத்தை நிமிஷக் கணக்கா வேவு பாக்கறாங்க!"

"ஏற்கெனவே மூணு மிரட்டல் கடிதம் வந்துதான் உங்களுக்கு வாசல் காவல் போட்டாங்க. அதைப் பாக்கலாமா?"

"அதை விடுங்க. அது வேற, இது வேற."

"வேறன்னு எப்படித் தெரியும்?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஏற்கெனவே சுத்தமாயிருந்ததை இன்னும் சுத்தமாக்கினார். ஆனால் அந்த மனிதரின் பயம் நிஜம். கடிதம் வந்த காலத்தில் அவர் பத்திரிகைகளுக்குக் கொடுத்த படங்களில் இந்தப் பயம் இல்லை என்பதை இன்ஸ்பெக்டர் மனதில் குறித்துக்கொண்டார்.

காலை 9.10. கூட்டுகிற அக்கா.

"நான் இனிமே கீழ போக மாட்டேம்மா. வேலையே போனாலும் சரி."

"என்ன பாத்தீங்க?"

"இருட்டா இருந்துச்சு. சுவிட்சைப் போட்டேன். லைட்டு ஒண்ணொண்ணா எரிஞ்சுட்டுப் போகும் இல்ல, கடைசி லைட்டு எரியறப்ப அங்க ஒண்ணு தொங்குது. மூஞ்சியே இல்ல. வெள்ளை வெளேர்னு இருக்கு. நான் பாத்துட்டே இருக்கேன், மெதுவா மூஞ்சி வருது. கண்ணு, மூக்கு, அப்புறம் அந்தச் சிரிப்பு. என்னைப் பாத்துத் திரும்பினாரும்மா!"

"ராத்திரி சரியாத் தூங்கலியா நீ?" என்றார் தலைவர்.

"நீங்க சும்மா இருங்கய்யா. உங்களை நேர்ல பாத்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் வராது."

காலை 9.40. ஆயுத அறை.

துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவருக்குச் சங்கத்தில் 'ஸ்பிரிங்' என்று பெயர். சுருங்கிய உடம்பு, அழுத்தினால் எகிறும் சுபாவம். காதை மூடும் கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பளபளப்பு ஏற்றும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஆறு மணிக்கு வருவேன். ஏழரை வரைக்கும் இந்த மெஷின் ஓடும். காதுல இது. பக்கத்துல பீரங்கி வெடிச்சாலும் எனக்குத் தெரியாது மேடம்."

"துளை என்ன சைஸ்?"

"ஒம்பது மில்லி. எங்க பெட்டியில அந்த சைஸ்ல நாலு துப்பாக்கி இருக்கு. உங்க இடுப்புல இருக்கறதும் அதேதான்."

"தலைவருக்கும் உங்களுக்கும் என்ன தகராறு?"

ஸ்பிரிங் ஒரு திருகாணியை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தார். "நாலாம் தடத்துல ரெண்டு கிளிப்புல ஒண்ணு உடைஞ்சு போச்சு. ஒத்தக் கிளிப்புல தாள் நிக்காது, பம்பரமாட்டம் சுத்தும். புதுசு கேட்டேன். சபையில எல்லார் முன்னாடியும், 'கேக்கற வாய்க்கு முதல்ல ஒரு கிளிப்பு போடணும்'னாரு. அந்த மாசம்தான் முந்நூறு போஸ்டர் வந்து இறங்குச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொன்னேன்."

"என்ன?"

"ஒரு நாளைக்கு இந்த மூஞ்சியில எவனாவது ஓட்டை போடப் போறான்னு சொன்னேன்."

வாசலில் தலைவர் தொண்டையைக் கனைத்தார். அவர் முகத்தில் பயத்தை ஒதுக்கிவிட்டு ஒரு வெளிச்சம் வந்திருந்தது. மேடை கிடைத்துவிட்டதன் வெளிச்சம்.

"இன்ஸ்பெக்டர், ஒரு நிபுணனா நான் சொல்றேன், கேட்டுக்குங்க. முதல் நாள் குண்டெல்லாம் எங்க விழுந்திருக்கு? கீழ, இடது பக்கம். அப்படின்னா யாரு? வலது கைக்காரன். விசையை அழுத்தத் தெரியாம வெட்டி இழுக்கறவன். சரியா?"

காலையில்தான் கேட்ட பாடம். மறுக்க முடியவில்லை. "சரி."

"ஏழு மணிக்கு முன்னாடி இந்தக் கட்டடத்துல இருக்கறது மூணே பேர். கூட்டறவளுக்குத் துப்பாக்கியில எந்தப் பக்கம் முன்பக்கம்னு தெரியாது. வாசல் ஏட்டு பிறவி இடதுகைக்காரன். பூட்டு, டீ, எல்லாம் இடது. போன வாரம் எனக்கே இடது கையால சல்யூட் வெச்சான், பெருந்தன்மையா மன்னிச்சேன். மிச்சம் யாரு? ரிப்பேர் பண்ணத் தெரியும், சுடத் தெரியாது, வலது கைக்காரன்." அவர் விரல் ஸ்பிரிங்கை நோக்கி நீண்டது. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு விழா. மேடையில இவனைக் கைது பண்ணியாச்சுன்னு நான் அறிவிக்கணும். மேலிடத்துல சொல்லிட்டேன்."

ஸ்பிரிங் எகிறவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மேடம், ஆயுத கேஸுன்னு என் பேர்ல ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தா அன்னிக்கே என் லைசென்ஸ் போச்சு. நாளைக்கு நான் குத்தவாளி இல்லன்னு நீங்களே சொன்னாலும் திரும்ப வராது. எனக்கு வேற தொழில் தெரியாது. பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்குது."

"ஸ்டேஷனுக்கு வாங்க. பேசிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். வேறென்ன சொல்வது? தர்க்கம் கச்சிதமாக இருந்தது. தலைவர் ஒருவர் வாயிலிருந்து கச்சிதமான தர்க்கம் வந்ததுதான் சந்தேகத்துக்குரிய ஒரே விஷயம்.

பிற்பகல் 2.40.

ஸ்டேஷனில் ஸ்பிரிங் வெளி பெஞ்சில் உட்கார்ந்து, அதன் ஆடுகிற காலுக்கு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேசையில் எஃப்.ஐ.ஆர். படிவம். மேலிடத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்தாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் இடது கையால் தேநீரைத் தூக்கினார். கால்வாசி சட்டைக்குப் போயிற்று.

சிரித்துக்கொண்டே ரைட்டர் துணியுடன் ஓடி வந்தார். வந்தவர் மேசை ஓரத்தில் சுருண்டிருந்த தாளை நனையாமல் எடுத்து விரித்தார்.

"யாரு மேடம் இந்த ஆளு? தேடப்படறவனா? பாவம், தாடையில அஞ்சு வாங்கியிருக்கான்!"

"எந்த ஆளு?"

ரைட்டர் தாளைத் திருப்பிப் பிடித்தார். ஹெல்மெட் போட்ட ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். போன வருடத்துச் சாலைப் பாதுகாப்பு வாரச் சுவரொட்டி. பயிற்சி மாஸ்டர் அதன் முதுகைத்தான் வெள்ளைத் தாள் என்று மாட்டியிருக்கிறார். அந்த மனிதரின் முகத்தில், கீழே, தாடையோரம், ஐந்து துளைகள்.

பார்க்கிறவருக்கு இடப்பக்கம்.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த டம்ளரை மறந்துபோனார். காலையில் அதே ஐந்தும் வலப்பக்கம் இருந்தன. தாள் திரும்பியதும் பக்கம் மாறிவிட்டது. அவர் அந்த ஹெல்மெட்காரரைச் சுடவே இல்லை. அப்படி ஒருவர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் இந்தப் படத்தை எவராவது பார்த்தால், யாரோ குறி வைத்து அந்த மனிதரை வேட்டையாடுவதாக நீதிமன்றத்தில் சத்தியம் பண்ணுவார்கள்.

"வெளி பெஞ்சுல இருக்கறவரை எங்கயும் அனுப்பாதீங்க. எஃப்.ஐ.ஆர். எழுதவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு ஓடினார்.

பிற்பகல் 3.25.

விழா அமளி எல்லாம் மேலே. நிலவறையில் அவர் மட்டும். மூன்றாம் சுவரொட்டியை நான்காம் தடத்துக் கிளிப்பில் மாட்டினார். வெள்ளை முதுகு தன் பக்கம் இருக்கும்படி. பொத்தானை அமுக்கினார். அது முனகிக்கொண்டு கோடிக்குப் போயிற்று. விளக்கை அணைத்தார்.

அப்படி ஓர் இருட்டு. பஞ்சுச் சுவர்கள் மூச்சைக்கூடக் குடித்தன. சொந்த இதயம் துடிப்பதை வேறு யாரோ நடப்பதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றார். தாள்தான், ஒட்டாமல் மிஞ்சிப்போன தாள், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னதையும் சுவர் குடித்துவிட்டது.

சுவிட்சைப் போட்டார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து கோடியை நோக்கி நடந்தன. அவற்றோடு சேர்ந்து, புகையை வெளியே இழுக்கும் பெரிய விசிறி உறுமிக்கொண்டு விழித்தது. கடைசி விளக்கின் அடியில் வெள்ளை வெளேரென்று ஒன்று தொங்கியது. முகமே இல்லை.

காற்று அதைத் தொட்டது. ஒற்றைக் கிளிப்பில் அது மெல்ல, மிக மெல்ல, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பியது. ஒரு காது வந்தது. ஒரு கண். மூக்கு. அப்புறம் எல்லாம் தெரிந்த அந்தப் புன்னகை, கழுத்தில் ஐந்து ஓட்டையோடு, நேராக அவரைப் பார்த்து நின்றது.

காரணம் முழுக்கத் தெரிந்திருந்தும் இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்னால் போனார். கை தானாகத் துப்பாக்கிக்குப் போயிற்று. எந்தக் கை என்று பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தாளை இழுத்து வந்து விரலால் தடவினார். படத்தின் பக்கம் துளைகளின் விளிம்புகள் பூ விரிந்ததுபோல வெளியே கிழிந்திருந்தன. வெள்ளைப் பக்கம் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம், குண்டு நுழையும்போது துடைத்துவிட்டுப் போன அழுக்கு. காலையிலிருந்து நாலு பேர் இந்தத் தாள்களை உற்றுப் பார்த்தார்கள். நாலு பேரும் முகத்தையே பார்த்தார்கள். முகம் என்று ஒன்று இருந்துவிட்டால் முதுகை யார் பார்க்கிறார்கள்?

மாலை 5.00.

மேடையில் தலைவர் ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டினார். அதற்குள் இன்ஸ்பெக்டர் அவரை உள்ளறைக்கு அழைத்துவிட்டார். அங்கே ஸ்பிரிங், கூட்டுகிற அக்கா, ட்யூட்டி முடிந்தும் நிறுத்திவைக்கப்பட்ட ஏட்டு. மேசையில் மூன்று சுவரொட்டிகள், குப்புற.

"விலங்கு எங்க?" என்றார் தலைவர்.

"தேவைப்படல. இந்த மூணையும் சுட்டவர் உங்க முகத்தைப் பாக்கவே இல்ல. வெள்ளைப் பக்கத்துலேர்ந்து சுட்டிருக்கார். ஓட்டை எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்குன்னு தடவிப் பாருங்க."

தலைவர் தடவினார். தன் கழுத்தைத் தானே தடவுகிற ஜாக்கிரதையோடு.

"அக்கா பாத்தது பேயும் இல்ல, தூக்கக் கலக்கமும் இல்ல. சுவிட்சைப் போட்டா விசிறியும் ஓடும். ஒத்தக் கிளிப்புல தாள் திரும்பும். முதல்ல வெள்ளை, அப்புறம் முகம். அவங்க பாத்ததை அப்படியே சொன்னாங்க, நாமதான் கேக்கல."

"நான் சொல்லல?" என்றார் அக்கா, தலைவரைப் பார்த்து.

"சரி. முகத்துல இடப்பக்கம் இருக்கற ஓட்டை, சுட்டவருக்கு வலப்பக்கம். கீழ வலது பக்கம். நீங்க சொன்ன அதே விதி, ஆனா தலைகீழா. விசையை வெட்டி இழுத்தது இடது கை. நாளுக்கு நாள் நடுவுக்கு வருது. அதாவது அந்தக் கை பழகுது. அந்த நடுவுல உங்க கழுத்து இருக்கறது அச்சாபீஸ்காரன் செஞ்ச வேலை."

ஏட்டு தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அப்ப இவன்தானே! பிறவி இடதுகைக்காரன்!" தலைவர் துள்ளினார்.

"பிறவி இடதுகைக்காரர் பூட்டுத் திறக்க மூணு தரம் உரச மாட்டார். சட்டையில டீ கொட்டிக்க மாட்டார். அவருடைய துப்பாக்கி உறை வலது இடுப்புல இருக்காது. காலைல இதையெல்லாம் நான் பாத்தேன்; பாத்துட்டு விட்டுட்டேன். மத்தியானம் என் சட்டையிலயும் அதே கறை." இன்ஸ்பெக்டர் கறையைக் காட்டினார். "ஏட்டு, நீங்களே சொல்றீங்களா?"

ஏட்டு விறைத்து நின்றார். குரல் மட்டும் விறைக்கவில்லை.

"ரெண்டு ஒத்திகையிலயும் ஃபெயில் மேடம். வெள்ளிக்கிழமையும் போச்சுன்னா ரிசர்வ் படைக்கு அனுப்பிடுவாங்க, முந்நூறு மைல் தள்ளி. வீட்டுல அவளுக்கு வாரம் ரெண்டு தரம் டயாலிசிஸ். நான்தான் கூட்டிட்டுப் போறேன். போலீஸ் சுடுதளத்துல எங்களுக்கு இடம் எங்க மேடம் கிடைக்குது, ஆபீசருங்க க்யூ. தோட்டா கொடுத்தாங்க, தாள் கொடுக்கல. இங்க இடம் சும்மா கிடந்துச்சு. படிக்கட்டுக்குக் கீழ தாளும் கிடந்துச்சு."

"தினமும் சுட்டீங்களா?"

"பத்து நாளா, நாளைக்கு அஞ்சு தோட்டா. சுட்டு முடிச்சுத் தாளைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிடுவேன். ஐயா சீக்கிரம் வந்துட்டா மட்டும் முடியல. கார் கேட்டுக்குள்ள நுழைஞ்சா கீழ தானாவே ஒரு சிவப்பு லைட்டு எரியும். தாள் திரும்பி வர ஒரு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நான் மேல போய்..." அவர் நிறுத்தினார்.

"மேல போய்?"

"கார்க் கதவைத் திறந்து சல்யூட் வைக்கணும் மேடம். இல்லன்னா மெமோ."

ஸ்பிரிங் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. காலையிலிருந்து அடக்கி வைத்தது எதுவோ வெளியே வந்தது. அது சிரிப்பாகத்தான் இருந்தது, முடிவில் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவனைச் சும்மா விட மாட்டேன்!" தலைவர் மேசையைத் தட்டினார். "அத்துமீறல்! சதி! எழுதுங்க எஃப்.ஐ.ஆர்.!"

"எழுதலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "எழுதினா பழைய மிரட்டல் கடிதம் மூணையும் சேர்த்து விசாரிக்கணும். கையெழுத்து நிபுணருக்கு அனுப்பணும். காலைல நீங்க அது வேற, இது வேறன்னு சொன்னீங்க. ஒரு கடிதத்தைப் பாத்தவுடனே அதுல ஆபத்து இல்லன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு ஆளாலதான் முடியும்."

வெளியே ஒலிபெருக்கியில் யாரோ 'தலைவர் இதோ வருகிறார்' என்று நாலாவது முறை சொன்னார்கள். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"நான் எப்பவுமே பெருந்தன்மையானவன்" என்றார்.

"தெரியும்."

"புகார் வேண்டாம்." வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். குரல் தாழ்ந்திருந்தது, கூட்டுகிற அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. "அப்படின்னா இன்ஸ்பெக்டர், என்னைக் கொல்லணும்னு நிஜமாவே யாரும்...?"

"யாரும் இல்லீங்க."

"ஒருத்தர்கூட?"

"விசாரிச்சவரைக்கும் ஒருத்தரும் இல்ல."

அவ்வளவு வயதான மனிதர் அவ்வளவு சீக்கிரம் வயதாவதை இன்ஸ்பெக்டர் அதற்குமுன் பார்த்ததில்லை. மேடையில் அன்று தலைவர் ஏழே நிமிடம் பேசினார். சங்க வரலாற்றில் அது சாதனை.

மறுநாளே, ஆபத்து ஏதுமில்லை என்று வாசல் காவல் விலக்கப்பட்டது. நான்காம் தடத்துக்குப் புதுக் கிளிப் வந்தது. படிக்கட்டின் கீழே மிச்சமிருந்த சுவரொட்டிகளை ஸ்பிரிங் வண்டியில் ஏற்றிப் போலீஸ் சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பயிற்சி மாஸ்டர் அவற்றை வெள்ளைப் பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

வெள்ளிக்கிழமை இடது கைத் தேர்வில் ஏட்டு பத்துக்கு எட்டு போட்டுத் தேறினார். இன்ஸ்பெக்டர் தேறவில்லை.